வெங்காயமும் அயல்நாட்டு வாணிபமும்
(ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)



மெட்ரிகுலேஷன் வரையே பயின்று, இரயில்வே அலுவலகத்தில் எழுத்தராய்க் காலங்கழிக்கும் எமக்குச் சுங்கவரியைப் பற்றிப் பேசத் தகுதி உண்டோ எனச் சிலர் வினவலாம். புலமை இல்லைதான். ஆயினும், சாம்பாருக்கு வெங்காயம் உரிக்காத தமிழர் இல்லம் இந்தச் சாங்வியில் உண்டோ? அதன் வாயிலாகவே சில கருத்துக்களைக் கூற விழைகின்றோம்.

2023 ஆகஸ்டு 19ஆம் நாள், மத்திய அரசு வெங்காய ஏற்றுமதிக்கு 40 விழுக்காடு வரி விதித்தது. அச்செய்தியைப் படித்ததும், “நல்லதாயிற்று, இனி விலை ஏறாது” என்று அலுவலகத்தில் உரக்கக் கூறினோம். எதிர் மேசையிலிருந்த மராட்டிய நண்பர், சாகண் பக்கத்து உழவர் குடியில் பிறந்தவர். அவர் சினங்கொள்ளவில்லை. “உங்கள் சம்பளம் உயரும் மாதம் பார்த்து அரசு அதைத் தடுத்தால், அதையும் நல்லது என்பீர்களா?” என்று மட்டும் கேட்டார். விடை கூற இயலாது நாணினோம். அந்த நாணமே இன்று எம்மை இம்மேடையில் நிறுத்தியிருக்கிறது.

அந்த வரி யார் தலையில் விழுகிறது? வெளிநாட்டார் தலையில் என்று எண்ணுதல் பிழை. பாகிஸ்தானும் எகிப்தும் வெங்காயம் விற்கும்போது, நம் வணிகர் விலையை இஷ்டம்போல் உயர்த்த முடியாது. ஆகவே ஏலத்தில் குறைத்துக் கேட்பார். கோடையில் அறுவடை செய்து, பாதி அழுகினும் மீதிக்கேனும் நல்ல விலை வருமென்று பட்டறையில் காத்து வைத்த உழவனே இழப்பான். நாசிக் மாவட்ட மண்டிகளில் அப்போது ஏலம் நின்றது. அரசு குவிண்டால் 2,410 ரூபாய்க்கு 2 இலட்சம் டன் வாங்குவதாக அறிவித்தும் உழவர் மனம் ஆறவில்லை. டிசம்பர் 8ஆம் நாள் ஏற்றுமதியே தடைசெய்யப்பட்டது. 2024 மே மாதத்தில் தடை நீங்கி மீண்டும் 40 விழுக்காடு வரி வந்தது. செப்டம்பரில் அது 20 ஆயிற்று. 2025 ஏப்ரல் 1ஆம் நாள் முற்றும் நீக்கப்பட்டது.

அண்டை வீட்டாரையும் எண்ணிப் பார்ப்போம். டிசம்பர்த் தடை வந்த ஓரிரு நாளில், டாக்கா நகரில் கிலோ விலை வங்கப் பணத்தில் 200-ஐத் தாண்டியது. 2019இல் இத்தகைய தடை வந்தபோது, அந்நாட்டின் அன்றைய பிரதமர் ஷேக் ஹசீனா புதுடில்லியிலேயே, தம் சமையற்காரரிடம் வெங்காயமின்றிச் சமைக்கச் சொல்லிவிட்டதாக நகைச்சுவையுடன் கூறி, முன்னறிவிப்பேனும் தந்திருக்கலாமே என்றார். அவர்களும் குற்றமற்றவரல்லர், தம் உழவரைக் காக்க 2023 மார்ச்சில் இறக்குமதியை நிறுத்தி, விலை ஏறியபின் ஜூனில் திறந்தனர். இருபுறமும் ஒரே அச்சம், ஒரே அவசரம்!

நம் தாயகத்துக்கும் இதில் பங்குண்டு. பெரிய வெங்காயத்துக்கு இடும் தடை சின்ன வெங்காயத்தையும் கட்டிப்போடுவதால், அதற்குத் தனிக் குறியீடு வேண்டுமெனத் தமிழக உழவர் கோரியுள்ளனர்.

விலை உயர்ந்தால் நகரத்தார் கூக்குரலிடுகின்றோம். நம் குரல் தலைநகர்க்கு விரைவில் எட்டுகிறது. உழவன் குரலோ தேர்தல் நாளில்தான் எட்டுகிறது. 2024இல் நாசிக், திண்டோரி தொகுதிகளில் ஆளுங்கூட்டணி தோற்றமைக்கு வெங்காயமும் ஒரு காரணமென்று பலர் எழுதினர். அண்டை நாட்டாருக்கோ இங்கு வாக்கே இல்லை.

வரியே கூடாதென்று யாம் கூறவில்லை. ஏழையின் உலைக்கும் காவல் வேண்டும். முன்னறிவிப்போடு செய்க, அறுவடைக் காலத்திலேயே நியாய விலைக்கு வாங்கிச் சேமித்து வைக்க என்பதே எம் வேண்டுகோள். 2020 ஜூலையில் குண்டூர் மிளகாய் 384 டன்னை ஏற்றிய பார்சல் வண்டி எல்லை கடந்து வங்கதேசத்தின் பேனாபோல் சேர்ந்தது. தண்டவாளம் இரு நாட்டையும் இணைத்தே கிடக்கிறது. வண்டி குறித்த நேரத்துக்கு வருமென்ற நம்பிக்கை இருந்தால்தான் பயணி நிலையத்துக்கு வருவான், வாணிபமும் அவ்வாறே.

நண்பர்களே! இந்த மண்ணின் உப்பைத் தின்று வாழ்கின்றோம். இனி விலை குறையும்போது மகிழுமுன், அது யாருடைய பட்டறையிலிருந்து குறைந்தது என ஒரு கணம் எண்ணுவோமாக!

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!