ஆறு மாதமும் நாற்பது ஆண்டும்

காரைக்கால் பெருமக்களே, கடைசியில் வண்டியைச் சாய்த்துக்கொண்டு நிற்கிற தம்பிகளே!

1962 ஆகஸ்ட் 16. நம் பகுதியை இந்தியாவிடம் ஒப்படைத்த பிரெஞ்சு ஒப்பந்தம் சட்டப்படி நடைமுறைக்கு வந்த நாள். நம் பாட்டன்மாருக்கு அன்று ஆறு மாதம் அவகாசம் கொடுத்தார்கள். சும்மா இருந்தால் இந்தியன். பிரெஞ்சுக் குடிமகனாகவே இருக்க வேண்டுமா, எழுதிக்கொடு! எழுதிக்கொடுத்தவர் வீட்டுப் பேரப்பிள்ளைகள் இன்று பாரிஸில் இருக்கிறார்கள். பிரான்ஸ் தேர்தலுக்கு இதே காரைக்காலில் வாக்குச்சாவடி போடுகிறார்கள். அவர்களை யாராவது துரோகி என்றோமா? சொல்லவும் கூடாது.

நமக்குக் கிடைத்த அந்த ஆறு மாதம், கடல் தாண்டி வந்த ஈழத்தமிழனுக்கு நாற்பது ஆண்டாகியும் கிடைக்கவில்லையே, ஏன்? 1983இல் கைக்குழந்தையோடு படகேறியவள் இன்று முகாமில் பாட்டி. கணக்கெடுப்பு நாளென்றால் வெளியூரில் கூலி வேலை பார்க்கிற பேரன் ஓடிவந்து வரிசையில் நிற்க வேண்டும்.

குடியுரிமைக் கதவுக்கு முதல் பூட்டுப் போட்டது காங்கிரஸ். 1987 ஜூலை 1 முதல் இந்த மண்ணில் பிறந்தால் மட்டும் போதாது. தாயோ தந்தையோ இந்தியராக இருக்க வேண்டும். இரண்டாவது பூட்டு, 2003இல் வாஜ்பாய் அரசு போட்டது. ஆவணமில்லாமல் வந்தவன் சட்டவிரோதக் குடியேறி. குடியுரிமை கேட்டு மனுப் போடவே முடியாது. குண்டுக்குத் தப்பி வந்தவனிடம் விசா எங்கே என்கிறது சட்டம்!

அந்த மசோதா 2003 மே மாதம் அவைக்கு வந்தபோது திமுக அமைச்சர்கள் எங்கே இருந்தார்கள்? வாஜ்பாய் அமைச்சரவையில். 2009இல் காஞ்சிபுரம் அண்ணா நூற்றாண்டு மாநாட்டில், அகதிகளுக்கு நிரந்தரமாக வாழும் உரிமை வேண்டுமென்று தீர்மானம் போட்டார்கள். யாரிடம் கேட்டார்கள்? தாங்களே பங்காளியாக இருந்த மன்மோகன் சிங் அரசிடம்! 2021இல் அகதிகளுக்கு 317 கோடி ஒதுக்கினார்கள். வீடு கட்டினார்கள், நல்லது, இல்லையென்று சொல்ல மாட்டேன்.

அதிமுகவுக்கு வருவோம். 1991க்குப் பிறகு அகதிகளைத் திருப்பி அனுப்பச் சொன்னவர் ஜெயலலிதா. 2011இல் இலங்கைக்குப் பொருளாதாரத் தடை கேட்டுத் தீர்மானம் போட்டவரும் அவரே. அவருக்குப் பின் வந்தவர்கள் செய்ததுதான் கொடுமை. 2019 டிசம்பர் 11, மாநிலங்களவை. குடியுரிமைத் திருத்தச் சட்டத்துக்கு ஆதரவு 125, எதிர்ப்பு 105. அந்த 125இல் அதிமுக 11, பாமக 1. இந்தப் பன்னிரண்டும் மாறி விழுந்திருந்தால்? ஆதரவு 113, எதிர்ப்பு 117. மசோதா மண்ணைக் கவ்வியிருக்கும்! அந்தப் பதினொன்றில் ஒன்று நம் புதுச்சேரியின் ஒரே மாநிலங்களவை இடம் என்பதை மறந்துவிடாதீர்கள். பாகிஸ்தானும் வங்கதேசமும் ஆப்கானிஸ்தானும் இருக்கிற அந்தச் சட்டத்தில் இலங்கை இல்லை, இஸ்லாமியர் இல்லை. 2021 தேர்தல் அறிக்கையில் அதே அதிமுக, சட்டத்தைக் கைவிட வலியுறுத்துவோம் என்றது! 2025இல் மறுபடி பாஜகவோடு கூட்டணி.

2020 பிப்ரவரி 12இல் நம் சட்டமன்றத்தில் அந்தச் சட்டத்துக்கு எதிர்ப்புத் தீர்மானம் போட்டது நாராயணசாமியின் காங்கிரஸ் அரசு. சரிதான். முதல் பூட்டின் சாவி எங்கே என்று அவர் கட்சியை யாரும் கேட்கவில்லை.

ஓட்டுக்காகக் கொள்கை மாறுவது இங்கே மட்டுமா? உழைப்பாளிகளின் கட்சி என்று சொல்லிக்கொண்ட பிரெஞ்சுக் கம்யூனிஸ்ட் கட்சியின் தலைவர் மார்ஷே, 1981 அதிபர் தேர்தலுக்கு முன் குடியேற்றத்தை நிறுத்து என்றார். எங்கே ஓட்டு நகர்கிறதோ, அங்கே கொள்கை நகர்கிறது.

அடுத்த முறை வேட்பாளர் எந்தக் கொடியோடு வந்தாலும் சரி, மாலை போடுமுன் கேளுங்கள்: 2003 பிரிவிலிருந்து இலங்கைத் தமிழரை விலக்கத் தனிநபர் மசோதாவாவது கொண்டுவருவீர்களா? தலைமையைக் கேட்டுச் சொல்கிறேன் என்பார். கேட்டுவிட்டு வரட்டும். அதுவரை மாலைக்குத் தண்ணீர் தெளித்து வையுங்கள்!