ஃபார்மேட் பொத்தானைத் தொடுவதற்கு முன்



உங்க போனில் மெமரி கார்டு திடீரென்று, “கார்டு பழுது, ஃபார்மேட் செய்யவா?” என்று கேட்டிருக்கிறதா? பதறிப்போய் ‘சரி’ என்று தொட்டுவிடாதீர்கள். பெரிய கணினி மையங்களிலும் இதே கேள்வி வரும். அங்கே எப்படி மீட்கிறார்கள் என்று சொல்கிறேன்.

ஹடூப் என்றொரு மென்பொருள். பெரிய கோப்பை 128 எம்.பி. துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டையும் 3 பிரதிகளாக வெவ்வேறு கணினிகளில் வைப்பது இதன் வழக்கம். ஒரு கணினி பழுதானாலும் தரவு போகாது. ஆனா, எந்தத் துண்டு எந்தக் கோப்புக்குரியது என்ற பட்டியல் ‘நேம்நோட்’ என்ற கணினியிடம்தான் இருக்கும். அது கெட்டுப்போனால்? பதிவறையில் கட்டுகளெல்லாம் பத்திரமா இருக்கு, பதிவேட்டை மட்டும் கறையான் தின்னுடுச்சு என்கிற கதைதான்.

மீட்பின் முதல் வேலை, சேதமான பட்டியலையே அப்படியே நகல் எடுத்து வைப்பது. கை தவறினாலும் பழைய நிலைக்குத் திரும்பலாம்.

அடுத்தது, பழைய பிரதியைத் தேடுவது. பட்டியல் இரண்டு பகுதிகளாக இருக்கும்: முழுப் பட்டியல் ஒன்று, அதன் பிறகு நடந்த மாற்றங்களின் குறிப்பு ஒன்று. துணைக் கணினி ஒன்று வழக்கமாக 1 மணி நேரத்துக்கு ஒருமுறை இரண்டையும் சேர்த்துப் புதுப்பிரதி எழுதி வைக்கும். அந்தப் பிரதி கிடைத்தால் பெரும்பகுதி திரும்பிவிடும். குறிப்பில் ஒரு வரி சிதைந்திருந்தால், மீட்பு முறையில் அந்த வரியைத் தாண்டிப் போகலாம். சில கடைசி மாற்றங்கள் போகலாம், மற்றவை பிழைக்கும்.

பிறகு ஒவ்வொரு கணினியும், “என்னிடம் இந்தத் துண்டுகள் இருக்கு” என்று தெரிவிக்கும். போதுமான துண்டுகள் கணக்கில் வரும்வரை படிக்க மட்டுமே அனுமதி, எழுத முடியாது.

இதற்கிடையே யாராவது அவசரப்பட்டு நேம்நோட்டை ஃபார்மேட் செய்தால், பழைய பட்டியல் போய் வெற்றுப் பட்டியல் வந்துவிடும். துண்டுகள் இருந்தும், எது யாருடையது என்று சொல்ல ஆளிருக்காது.

உங்க கார்டுக்கும் இதே நியாயம்தான். பல நேரங்களில் படங்கள் உள்ளேயே இருக்கும், பட்டியல்தான் கெட்டிருக்கும். புதுப்படம் எடுக்காதீங்க. கார்டைக் கழற்றி, விவரம் தெரிந்தவரிடம் கொடுத்து, முதலில் முழு நகல் எடுக்கச் சொல்லுங்க. மீட்பு வேலையை அந்த நகலில் செய்யட்டும்.

இன்றைக்கே ஒரு வேலை செய்யுங்க: முக்கியமான சான்றிதழ்களை வேறோர் இடத்திலும் சேமித்து, எது எங்கே இருக்கு என்று ஒரு தாளில் எழுதி வையுங்க.