பதினைந்து ஆண்டுக் கணக்கும் ஒரு நடையும்

இன்று பட்டம் பெறும் இளம் பொறியாளர்களே,

1843 அக்டோபர் 16. டப்ளின் நகரின் ராயல் கால்வாய்க் கரையில் கணிதவியலாளர் வில்லியம் ரோவன் ஹாமில்டன் மனைவியோடு நடந்துபோகிறார். ராயல் ஐரிஷ் அகாதமி கூட்டத்துக்குப் போகிற வழி. மனைவி இடையிடையே பேசுகிறார். இவர் மனத்தின் அடியில் வேறொரு ஓட்டம். முப்பரிமாண வெளிக்கு ஏற்றபடி, மும்மூன்றாகச் சேர்த்த எண்களைப் பெருக்குவது எப்படி? வழி பிடிபடவில்லை. அந்த மாதம் காலைச் சாப்பாட்டுக்கு வரும்போதெல்லாம் பிள்ளைகளே, "பெருக்க முடிந்ததா அப்பா?" என்று கேட்பார்களாம்.

பிரூம் பாலத்தை நெருங்கும்போது விடை வந்தது. மூன்று போதாது, நான்கு வேண்டும். கையிலிருந்த குறிப்பேட்டில் எழுதினார். அதுவும் போதாமல், கத்தியை எடுத்துப் பாலத்துக் கல்லிலேயே சூத்திரத்தைக் கீறினார். செயற்கைக்கோள் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று கணக்கிடவும், நீங்கள் விடிய விடிய ஆடும் வீடியோ கேமில் உருவங்களைச் சுழற்றவும் இன்று உதவும் குவாட்டர்னியன் என்ற எண்முறை அதுதான்.

நடந்தால் யோசனை வரும் என்பதை 2014இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் ஒப்பெசோவும் ஷ்வார்ட்ஸும் சோதித்தே பார்த்தார்கள். ஒரு பொருளை வேறு எதற்கெல்லாம் பயன்படுத்தலாம் என்று கேட்டபோது, உட்கார்ந்திருந்ததைவிட நடந்தபோது புதுமையான பதில்கள் சராசரியாக 60 சதவீதம் கூடின. வெற்றுச் சுவரைப் பார்த்தபடி டிரெட்மில்லில் நடந்தவர்களுக்கும் பலன் கிடைத்தது.

இதை எல்லோரும் சொல்வார்கள். அதே ஆய்வின் இன்னொரு பாதியைச் சொல்ல மறந்துவிடுவார்கள். ஒரே ஒரு சரியான விடை உள்ள புதிர்களில் நடந்தவர்கள் சற்றுப் பின்தங்கினார்கள். (நல்லவேளை, உங்கள் தேர்வுகள் முடிந்துவிட்டன.) வழிகளைப் பெருக்கத்தான் நடை, அவற்றில் எது தேறும் என்று பார்க்க நாற்காலிதான் வேண்டும். ஹாமில்டனும் குறைந்தது பதினைந்து ஆண்டுகள் அந்தக் கணக்கோடு மல்லுக்கட்டிய பிறகுதான் அந்தப் பாலத்துக்கு வந்துசேர்ந்தார். ஆகவே, நாளை வேலையில் ஒரு சிக்கல் பிடிபடவில்லையென்றால் முதலில் அதோடு உட்காருங்கள். முட்டி மோதிப் பார்த்துவிட்டு, காதில் எதையும் மாட்டாமல் வெளியே போங்கள். சட்டைப்பையில் துண்டுக் காகிதம் இருக்கட்டும். பாலத்தைக் கீறினால் இன்று அபராதம் போடுவார்கள்.

நம் ஊரில் நடக்க நடைபாதை எங்கே இருக்கிறது என்று பின்வரிசையில் முணுமுணுப்பது கேட்கிறது. நியாயந்தான். சிவில் துறைப் பட்டதாரிகளே, அது உங்கள் பொறுப்பு.