பாட்டுக்குப் படம் பிடித்தல்



பாட்டைக் காதால் கேட்பதோடு நில்லாமல் கண்ணாலும் காண வேண்டும் என்னும் ஆசை நமக்குப் புதிதன்று. கூத்தும் நாடக மேடையும் அந்த ஆசையை நிறைவேற்றி வந்தன. பின்னர் பேசும்படம் வந்தது. தொடக்க காலப் பேசும்படங்களில் நடிகர்களே படப்பிடிப்பின்போது பாட வேண்டியிருந்தது. 1938இல் வெளியான ‘நந்தகுமார்’ படத்தோடு தமிழில் பின்னணிப் பாடல் முறை தொடங்கியதாகத் திரைப்பட வரலாறு எழுதியோர் கூறுவர். பாட்டை முதலில் பதிவு செய்து வைத்துக்கொண்டு, பிறகு அதை ஒலிக்கவிட்டு, அதற்கு வாயசைத்து நடிக்கும் முறை அது. இன்று நம் பிள்ளைகள் கைத்தொலைபேசியில் பார்த்து மகிழும் பாடல் காணொளிக்கும் அதுவே அடிப்படை. ஒலி முந்தியது, படம் பிந்தியது. இந்த வரிசையை மனத்தில் இருத்திக்கொண்டால், இன்று நாம் பேசப்போகும் தொழில்நுட்பத்தில் பாதி விளங்கிவிடும்.

திரைப்படத்தில் பாட்டு கதைக்கு வேலை செய்கிறது. தனிப் பாடல் காணொளியிலோ பாட்டுத்தான் முதலாளி. கதை வந்தாலும் வரலாம், வராமலும் போகலாம். மேல்நாட்டில் இந்த வடிவம் தனிக்கலையாக வளர்ந்ததற்கு ஒரு நடைமுறைக் காரணம் உண்டு. பாடகர்கள் எல்லாத் தொலைக்காட்சி நிலையங்களுக்கும் நேரில் போய்ப் பாட முடியவில்லை. ஆகவே படத்தை அனுப்பினார்கள். 1975இல் இங்கிலாந்தின் ‘குவீன்’ குழுவினர் ‘பொஹிமியன் ராப்சடி’ என்னும் பாட்டுக்கு எடுத்த படம் ஏறக்குறைய நான்கு மணி நேரத்தில் பிடித்து முடிக்கப்பட்டது. ஒரு முகம் பல முகங்களாகப் பெருகும் காட்சி அதில் உண்டு. கேமராவின் முன் பட்டை தீட்டிய கண்ணாடி ஒன்றை வைத்து, பிடிக்கும்போதே உண்டாக்கிய மாயம் அது. பெரும் பணம் அதற்குத் தேவைப்படவில்லை, முன்யோசனை தேவைப்பட்டது.

1981 ஆகஸ்டு முதல் தேதி அமெரிக்காவில் எம்.டி.வி. என்னும் முழுநேரப் பாடல் அலைவரிசை தொடங்கியபின் பாணிகள் பல கிளைவிட்டன. 1983இல் மைக்கேல் ஜாக்சனின் ‘திரில்லர்’ ஏறத்தாழ 14 நிமிடக் கதைப்படமாகவே வந்தது. 1985இல் ‘ஆ-ஹா’ குழுவின் ‘டேக் ஆன் மி’ படத்தில், பிடித்த காட்சியின்மேல் கையால் பென்சில் ஓவியமாக வரைந்து சேர்த்தார்கள். ஏறக்குறைய 3,000 ஓவியங்கள் அதற்குத் தேவைப்பட்டன. பாடுவோரைப் பாடுவோராகவே காட்டுவது ஒரு பாணி, கதை சொல்வது ஒரு பாணி, கருத்தை உருவகமாகக் காட்டுவது இன்னொரு பாணி என்று வகுப்பறையில் பிரித்துச் சொல்லலாம். ஆனால் நடைமுறையில் நல்ல காணொளி எதுவும் ஒரே பாணியில் அடங்கி நிற்பதில்லை.

நம் நாட்டுக்கு வருவோம். 1996இல் ஆஸ்ட்ரோ தொடங்கியபோது வானவில் அலைவரிசையும் வந்தது. தமிழில் தனிப்பாடல் செய்வோருக்குப் படம் காட்ட ஓரிடம் கிடைத்தது. சொல்லிசை எனப்படும் ராப் பாடல் துறையில் ‘பொயட்டிக் அம்மோ’ குழுவில் இருந்த யோகி பி, பின்னர் டாக்டர் பர்ன், எம்சி ஜெஸ் ஆகியோரின் ‘நட்சத்திரா’வோடு சேர்ந்து 2006இல் ‘வல்லவன்’ என்னும் தொகுப்பை வெளியிட்டார். 1980இல் வந்த ‘நிழல்கள்’ படத்தில் இளையராசா இசையமைத்த ‘மடை திறந்து’ பாட்டைப் புதிய உருவில் தந்தது அத்தொகுப்பு. அதன் காணொளி தமிழகத்துத் தொலைக்காட்சிகளிலும் ஓடியது. மறு ஆண்டே ‘பொல்லாதவன்’ படத்தில் யோகி பியின் குரல் ஒலித்தது. சென்னையிலிருந்து பாட்டு இங்கே வருவதுதான் வழக்கம். அது திரும்பிப் போனது என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

அப்படியிருந்தும் நம் பேராக் மாநிலத்தின் சிற்றூர்களில், எடுத்துக்காட்டாகப் பீடோரில், ஓர் இளைஞர் குழு பாட்டுக்குப் படம் எடுக்க நினைத்தால் முதலில் என்ன செய்கிறது? கோலாலம்பூருக்குக் கார் ஏறுகிறது. இரட்டைக் கோபுரத்தை முதுகுக்குப் பின்னால் நிறுத்திக் கறுப்புக் கண்ணாடி அணிந்து பாடுகிறது. அந்தக் கோபுரம் ஏற்கெனவே ஆயிரம் பேர் முதுகுக்குப் பின்னால் நின்றுவிட்டது. பீடோர் சாலையோரக் கொய்யாக் கடை வரிசையை யாரும் பிடிப்பதில்லை. தோட்டத்துப் பழைய லயத்தைப் பிடிப்பதும் அரிது. ரப்பர் போய்ச் செம்பனை வந்து, செம்பனை போய் வீடமைப்புத் திட்டம் வரும் இடங்களில், இன்று பிடிக்காததை நாளை பிடிக்க முடியாது.

தோட்டத்தை வைத்து என்ன செய்ய முடியும் என்பதற்கு 2021 மார்ச்சில் வெளிவந்த ‘என்ஜாய் எஞ்சாமி’ நல்ல சான்று. தீயும் அறிவும் பாடியது. சந்தோஷ் நாராயணன் இசை. அமித் கிருஷ்ணன் இயக்கம். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துப் பின் தமிழகம் திரும்பிய அறிவின் பாட்டி வள்ளியம்மாளின் வாழ்க்கையிலிருந்து பிறந்த பாட்டு அது. மண்ணும் மரமும் முதியோர் முகமும் அதில் பின்னணித் திரைச்சீலையாக நிற்கவில்லை. பாட்டின் பொருளாகவே நின்றன. கொழுந்து பறித்த பாட்டி அங்கே என்றால், பால்மரம் வெட்டிய பாட்டி இங்கே இல்லையா?

இனிச் செய்முறைக்கு வருவோம். நம் வட்டாரத்தில் முதலில் கற்க வேண்டியது வெயிலை. பீடோர் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே சுமார் நான்கு பாகையில் உள்ளது. 1982 முதல் நம் கடிகாரம் சூரியனுக்கு ஒரு மணி நேரத்துக்கும் மேல் முந்தி ஓடுகிறது. ஆகவே சூரியன் உச்சிக்கு வருவது 12 மணிக்கு அன்று, ஒன்றேகால் மணியளவில். அந்நேரத்துக்கு முன்னும் பின்னும் கண்குழியில் நிழல் விழுந்து, பாடுவோர் முகம் நோயாளியின் முகம்போலத் தெரியும். கிழக்கே மலைத்தொடர் இருப்பதால் காலை வெளிச்சம் சற்றுத் தாமதித்துச் சரிவாக வரும். அந்த ஒரு மணி நேரம் பொன்னானது. பிற்பகலை நம்பவே கூடாது. மழைக்கு நாம் சொல்லும் நேரம் தெரியாது.

செம்பனைக் காட்டில் வெளிச்சம் பச்சையாக விழும். முகமும் பச்சை பூசியதுபோல் ஆகிவிடும். ஒரு வெள்ளைத் துணியை விரித்து வானத்து வெளிச்சத்தை முகத்தின்மேல் திருப்பினால் பாதிக் குறை தீரும். பழைய ரப்பர் மரங்கள் இருக்குமிடத்தில், ஆண்டின் தொடக்க மாதங்களில் இலையுதிரும் காலத்தில் போனால், தரையெல்லாம் சருகும் கிளைகளுக்கிடையே வானமும் கிடைக்கும்.

முகத்தைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். கேமராவைத் தானாக அளவெடுக்க விட்டால் அது பளிச்சென்ற வானத்தைப் பார்த்து அளவெடுக்கும். நம் கறுத்த முகம் இருளில் போய்விடும். உடனே மாவு பூசி முகத்தை வெளுக்கச் செய்கிறார்கள். வேண்டியதில்லை. முகத்தைத் தொட்டு அளவைப் பூட்டுங்கள். வானம் வெளுத்தால் வெளுக்கட்டும். கறுத்த தோலில் பக்கவாட்டு வெளிச்சம் விழும் அழகு வேறெதிலும் வராது.

அடுத்து ஒலி. படம் ஒரு நொடிக்கு 25 சட்டங்கள் என்று வைத்துக்கொண்டால், நான்கு நிமிடப் பாட்டுக்கு 6,000 சட்டங்கள். பாட்டை ஒலிபெருக்கியில் ஓடவிட்டு வாயசைக்கும்போது, ஒலிபெருக்கியை எங்கே வைப்பது? ஒலி ஒரு நொடியில் ஏறக்குறைய 340 மீட்டர் செல்லும். பாடுபவர் கேமராவிலிருந்து 34 மீட்டர் தள்ளி மரவரிசைக்குள் நிற்க, ஒலிபெருக்கி கேமராவுக்கு அருகில் இருந்தால், பாட்டு அவர் காதுக்குப் பத்தில் ஒரு நொடி தாமதமாகப் போய்ச் சேரும். அதாவது இரண்டரைச் சட்டம். பார்ப்பவருக்குக் காரணம் தெரியாது. ஆனால் ‘ஏதோ ஒட்டவில்லை’ என்று சொல்லிவிடுவார். ஒலிபெருக்கியைப் பாடுபவரின் காலடியில், புல் மறைவில் வையுங்கள். வாயை மட்டும் அசைக்காமல் உண்மையாகவே உரக்கப் பாடச் சொல்லுங்கள். கழுத்து நரம்பு பொய் சொல்லாது.

பாடுபவரின் உதடு பாட்டோடு ஒட்டியிருக்க, கூந்தலும் தூசியும் மட்டும் மெதுவாக மிதக்கும் காட்சியைப் பலர் பார்த்திருப்பீர்கள். இதன் இரகசியம் எளியது. பாட்டை இரட்டை வேகத்தில் ஓடவிட்டு, நொடிக்கு 50 சட்டங்களாகப் பிடிக்க வேண்டும். பிறகு அதை 25 சட்டங்களாக ஓட்டினால் உதடு பாட்டுக்குப் பொருந்திவிடும். மற்றவை பாதி வேகத்தில் நகரும். இரட்டை வேகத்தில் பாடுவதற்கு முந்திய இரவே பழக வேண்டும். இல்லையேல் படப்பிடிப்பு சிரிப்பிலேயே முடியும்.

கோயில் திருவிழாவை இரவில் பிடிப்போருக்கு ஒரு தொல்லை உண்டு. படத்தில் விளக்குகள் படபடவென்று துடிக்கும். நம் நாட்டு மின்சாரம் நொடிக்கு 50 சுற்று. கைத்தொலைபேசிகள் பெரும்பாலும் 30 சட்டத்துக்கு முன்கூட்டியே அமைக்கப்பட்டு வருகின்றன. அதை 25க்கு மாற்றி, ஒவ்வொரு சட்டத்துக்கும் ஒளி விழும் நேரத்தை ஐம்பதில் ஒரு நொடியாக வைத்தால் துடிப்பு பெரும்பாலும் அடங்கும்.

படத்தொகுப்பில் கணக்கு வருகிறது. நிமிடத்துக்கு 100 தட்டு உள்ள பாட்டில் தட்டுக்குத் தட்டு 15 சட்டங்கள். எல்லாத் தட்டுக்கும் வெட்டினால் கண் களைத்துவிடும். புதிதாகக் கற்பவர் இதைத்தான் செய்கிறார். நான்கு தட்டுக்கு ஒரு வெட்டு, பல்லவி திரும்பும்போது நெருக்கம், சரணத்தில் ஒரே காட்சியை நீண்ட நேரம் ஓடவிடும் துணிவு, இவையே போதும். உறுமி மேளம் வரும் பாட்டில் மேலும் கவனம் வேண்டும். உறுமியின் ஒலி வெட்டாக விழுவதில்லை; இழுத்து உறுமுகிறது. அந்த இழுப்பின் நடுவே படத்தை வெட்டினால் காது கூசும். அங்கே வெட்டாதீர்கள், கேமராவை நகர்த்துங்கள்.

பணமும் உரிமையும் பேசாமல் இந்த உரையை முடிக்க இயலாது. தோட்டம் யாருடையதோ அவர்களிடம் எழுத்தில் அனுமதி பெற வேண்டும். படத் தயாரிப்புக்கான உரிமம் பினாஸ் எனப்படும், 1981இல் அமைந்த தேசியத் திரைப்பட மேம்பாட்டுக் கழகத்தின் பொறுப்பில் இருக்கிறது. பழைய திரைப்பட மெட்டை எடுத்துப் புதுச் சொல் போடுவோர், மெட்டின் உரிமையாளரைத் தேடிப் பிடிக்க வேண்டும். இல்லையேல் இணையத்தில் ஏற்றிய சில நிமிடங்களில் இயந்திரமே கண்டுபிடித்துத் தடுத்துவிடும்.

இவற்றைவிடக் கடினமானது நண்பர்களுக்குள் வரும் கணக்கு. ‘என்ஜாய் எஞ்சாமி’ உலகப் புகழ் பெற்ற பிறகும், யார் எழுதியது, யார் இசைத்தது, யார் பெயர் எங்கே வர வேண்டும் என்ற வழக்கு 2021இலும் 2022இலும் பலர் அறியப் பொதுவில் எழுந்தது. 2022 சென்னைச் சதுரங்க ஒலிம்பியாடு தொடக்க விழாவில் அறிவு இன்றியே அப்பாட்டு பாடப்பட்டபோது அது மேலும் வளர்ந்தது. அவ்வளவு பெரியவர்களுக்கே இது நேர்கிறது. பீடோரில் நான்கு நண்பர்கள் ஆளுக்கு இருநூறு வெள்ளி போட்டு எடுக்கும் படத்தில் நேராதா? படப்பிடிப்புக்கு முதல் நாளே ஒரு தாளில் எழுதுங்கள்: பாட்டு யாருடையது, மெட்டு யாருடையது, படம் யாருடையது, வருமானம் வந்தால் எப்படிப் பங்கு. நால்வரும் கையொப்பமிட்டு ஆளுக்கொரு நகல் வைத்துக்கொள்ளுங்கள். நட்பு கெடும் என்று அஞ்சித்தான் பலர் எழுதுவதில்லை. எழுதாததால் கெட்ட நட்பைத்தான் நாம் அதிகம் பார்க்கிறோம். காட்சியில் வரும் லயத்துப் பாட்டியிடமும் கேட்டுக்கொள்ளுங்கள். முகம் அவருடையது, இணையத்தில் ஏறினால் திரும்பி வராது என்பதை அவருக்குப் புரியும்படி சொல்லிய பிறகே கேட்க வேண்டும்.

கடைசியாக, தொகுத்த படத்தை வெளியிட்டவுடன் மற்றவற்றை அழித்து இடம் பண்ணும் வழக்கம் பரவலாக உள்ளது. பயன்படாத காட்சிகளையும் இரண்டு இடங்களில் சேமித்து வையுங்கள். ஒவ்வொரு கோப்பின் பெயரிலும் பாட்டின் பெயரோடு தோட்டத்தின் பெயரையும் பிரிவையும் தேதியையும் சேர்த்தெழுதுங்கள். பாட்டு மறந்துபோன பிறகு, அந்தப் பெரட்டுக்களம் எங்கே இருந்தது என்று கேட்டு யாரேனும் வருவார்கள்.