டவுன்லோட் ஃபோல்டரில் கிடக்கும் சாதிச் சான்றிதழ்

(கல்லூரி மாணவர்களின் வாசிப்பு வட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம். கூட்டம் நடந்த ஊரும், பேச்சில் வரும் இருவரைப் பற்றிய சில விவரங்களும் வேண்டுமென்றே விடப்பட்டிருக்கின்றன.)



இணையப் பாதுகாப்பு பற்றிப் பேச வேண்டும் என்று கேட்டபோது கொஞ்சம் தயங்கினேன். நான் கம்ப்யூட்டர் படித்தவன் இல்லை. பேருந்து நிலையத்துக்கு எதிரே பதினோரு வருடம் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தவன். ப்ரின்ட் அவுட், லேமினேஷன், ஆன்லைன் விண்ணப்பம், பாஸ்போர்ட் சைஸ் போட்டோ, இவைதான் என் தொழில். ஆனால் சுற்றுவட்டார மக்களின் ஆதார், சாதிச் சான்றிதழ், வங்கிப் பாஸ்புக்கின் முதல் பக்கம் எல்லாம் என் கடை வழியாகத்தான் போய்வந்தன. அந்த அனுபவத்தில் சில விஷயங்கள் சொல்லலாம் என்று வந்தேன்.

கடை போட்ட புதிதில் ஒருநாள் பக்கத்துத் தள்ளுவண்டியில் வடை வாங்கினேன். மடித்துக் கொடுத்த தாளில் ஒரு பெண்ணின் சாதிச் சான்றிதழ் நகல். பெயர், அப்பா பெயர், கிராமம், சாதி, எல்லாம் எண்ணெய்க்கு அடியில் தெளிவாகத் தெரிந்தன. அது என் கடையில் எடுத்த நகல்தான். சரியாக விழவில்லை என்று நான் மூலையில் தூக்கிப்போட்டதைப் பழைய பேப்பர்காரர் எடுத்துப்போயிருக்கிறார். அன்றைக்கு எனக்கு அது சிரிப்பாகத்தான் இருந்தது. சிரித்திருக்கக் கூடாது என்று சில வருடம் கழித்துத்தான் புரிந்தது.

ஒரு பெண்ணும் பையனும் வந்தார்கள். பதிவுத் திருமணத்துக்கான விண்ணப்பம், இருவருடைய ஆதார், மாற்றுச் சான்றிதழ். எல்லாவற்றையும் கடை வாட்ஸ்அப் எண்ணுக்கு அந்தப் பெண் அனுப்பினார். ப்ரின்ட் எடுத்துக் கொடுத்தேன், போனார்கள். இரண்டு நாள் கழித்து அந்தப் பெண்ணின் சித்தப்பா வண்டி இன்சூரன்ஸ் தாள் எடுக்க வந்தார். நான் ப்ரின்டரில் சிக்கிய பேப்பரை இழுத்துக்கொண்டிருந்தேன். அவர் எதிரில் இருந்த மானிட்டரில் வாட்ஸ்அப் வெப் திறந்தே இருந்தது. வரிசையில் அண்ணன் மகளின் முகப்புப் படம். கீழே கோப்பின் பெயர், 'மேரேஜ் அப்ளிகேஷன்' என்று. அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. இன்சூரன்ஸ் தாளைக்கூட வாங்காமல் வெளியே போய் போனை எடுத்தார்.

அந்தப் பெண் ஐந்து மாதம் வீட்டுக்குள் இருந்தார். போன் பிடுங்கப்பட்டது. பையனின் தெருவுக்கு இரண்டு முறை ஆட்கள் போனார்கள். இப்போது இருவரும் உயிரோடு, ஒன்றாக இருக்கிறார்கள். எங்கே என்று சொல்ல மாட்டேன். அந்த மானிட்டரை மூடாமல் விட்டவன் நான்.

அதனால் 'ஹேக்கர்' என்ற சொல்லைக் கேட்டால் எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வரும். பாதுகாப்பு விளம்பரங்களில் முகமூடி போட்ட ஒருவன் இருட்டு அறையில் உட்கார்ந்து தட்டச்சு செய்துகொண்டிருப்பான். அவனும் இருக்கிறான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் நம்மைப் பற்றித் தெரிந்துகொள்ளத் துடிப்பவர் பெரும்பாலும் பக்கத்தில் இருப்பவர். சித்தப்பா, வகுப்பில் கூடப் படிப்பவர், வாடகை வீட்டு உரிமையாளர், ஊர்ச் சாதிச் சங்கத்தின் வாட்ஸ்அப் குழு. அவர்களுக்குத் தொழில்நுட்பம் தெரிய வேண்டியதில்லை, நம் ஊர் தெரிந்தால் போதும்.

1929இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் சாதிப் பட்டங்களை விடச் சொல்லித் தீர்மானம் போட்டார்கள். இன்றைக்கும் தமிழ்நாட்டில் பெயரை வைத்துப் பெரும்பாலும் சாதியைச் சொல்ல முடிவதில்லை. அந்த எரிச்சலில்தான் 'எந்த ஊர், எந்தத் தெரு, அப்பா என்ன பண்றார், குலதெய்வம் எது' என்று சுற்றிவளைத்துக் கேட்கிறார்கள். இப்போது கேட்கவே தேவையில்லை. தெருப்பெயர் ஒரு கூரியர் உறை படத்தில் இருக்கிறது. குலதெய்வம் கோயில் கொடை ரீல்ஸில் இருக்கிறது. அப்பா பெயர் கல்லூரிச் சேர்க்கைப் பட்டியலில், பக்கத்திலேயே வகுப்பு என்ற கட்டத்தோடு பிடிஎஃப்பாக இருக்கிறது. ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் ஒன்றுமில்லை. சேர்த்து வைத்தால் ஒரு ஆளின் முழு ஜாதகம்.

இங்கே ஒரு தோழர் கேட்கலாம்: 'நாம் ஏன் மறைக்க வேண்டும்? சொல்லிக்கொள்வதுதானே அரசியல்?' சரியான கேள்வி. நானும் மேடையில் சொல்கிறேன், என் முகப்புப் படத்தில் அண்ணல் இருக்கிறார். அமெரிக்காவிலும் லண்டனிலும் படித்துவிட்டு பரோடாவுக்கு வேலைக்குப் போன அம்பேத்கருக்குத் தங்க இடம் கிடைக்கவில்லை. பார்சி விடுதி ஒன்றின் பதிவேட்டில் பார்சிப் பெயரை எழுதித்தான் தங்கினார். பதினோராவது நாள் தடிகளோடு ஆட்கள் வந்து நின்றார்கள். தன் வாழ்நாள் முழுக்கத் தான் யார் என்பதை உலகத்துக்கே உரக்கச் சொன்ன மனிதர்தான் அந்தப் பதிவேட்டில் வேறு பெயர் எழுதினார். நாமே சொல்வதும் நம்மை ஒருவன் தோண்டியெடுப்பதும் ஒன்றல்ல. எப்போது, யாரிடம் என்பதை முடிவு செய்வது நாமாக இருக்க வேண்டும், எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

சரி, வேலைக்கு வருவோம்.

என் மாதிரிக் கடைகளிலிருந்தே தொடங்குகிறேன். கோப்பை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அது கடைக்காரர் போனிலும் கம்ப்யூட்டரிலும் தங்கும், கூடவே உங்கள் எண்ணும் படமும் தங்கும். ப்ரின்ட் எடுத்ததும் 'அண்ணா, டெலிட் பண்ணிடுங்க' என்று கேளுங்கள். டவுன்லோட் ஃபோல்டர், அப்புறம் ரீசைக்கிள் பின், இரண்டிலும் அழியும்வரை நின்று பாருங்கள். கடைக்காரர் முகம் சுளிப்பார், நானும் சுளித்திருக்கிறேன், பரவாயில்லை. உங்கள் பக்கத்திலிருந்து 'எல்லோருக்கும் அழி' என்று கொடுத்தாலும் ஏற்கனவே கம்ப்யூட்டரில் இறக்கிய கோப்பு போகாது. சரியாக விழாத நகலை வாங்கிக் கிழியுங்கள். அடையாளத்துக்காக மட்டும் ஆதார் கேட்கும் இடத்தில், விடுதி அறை போன்றவற்றில், கடைசி நான்கு எண் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதாரைக் கொடுங்கள். ஆதார் இணையதளத்திலேயே இறக்கலாம். நகலின் மேல் எதற்காக, எந்தத் தேதியில் கொடுத்தது என்று பேனாவால் குறுக்கே எழுதுங்கள். மற்றவர் கம்ப்யூட்டரில் உங்கள் மெயிலைத் திறந்தால் வெளியேறிவிட்டு எழுந்திருங்கள். மறந்துவிட்டதா? உங்கள் போனிலேயே கூகுள் கணக்கில் 'உங்கள் சாதனங்கள்' பகுதியிலும், வாட்ஸ்அப்பில் 'இணைக்கப்பட்ட சாதனங்கள்' பகுதியிலும் போய், தெரியாத சாதனத்தை நீக்கலாம். வாரம் ஒருமுறை பல் குச்சி தேடுகிற நேரத்தில் பார்த்துவிடலாம்.

அடுத்தது வீட்டுக்குள். இதை மெதுவாகச் சொல்கிறேன், முக்கியமாகப் பெண் தோழர்களுக்காக. உங்கள் போனை வாங்கித் தந்தது யார்? முதலில் அதில் ஜிமெயில் கணக்கு போட்டது யார்? அண்ணன் என்றால், அந்தக் கடவுச்சொல் அவருக்குத் தெரியும் என்றால், போன் எங்கே இருக்கிறது என்பதை அவர் அறையிலிருந்தே பார்க்க முடியும். காப்புப் பிரதியாகும் புகைப்படங்கள், சேமித்த எண்கள் எல்லாம் அதே கணக்கில் கிடைக்கும். கூகுள் மேப்பில் இருப்பிடப் பகிர்வு யாருக்காவது ஓடிக்கொண்டிருக்கிறதா என்றும் பாருங்கள். கைரேகைப் பூட்டு நாம் தூங்கும்போதும் திறக்கும் என்பதை மறக்க வேண்டாம், வீட்டில் எண் பூட்டுதான் நல்லது.

ஆனால் எல்லாவற்றையும் ஒரே ராத்திரியில் மாற்றாதீர்கள். இதை எந்தப் பாதுகாப்புக் கையேட்டிலும் முதல் பக்கத்தில் போட வேண்டும் என்பேன். நேற்றுவரை திறந்து கிடந்த போன் திடீரென்று பூட்டினால், அந்தப் பூட்டே உங்களைக் காட்டிக்கொடுக்கும். ஆபத்தான வீட்டில் இருப்பவர் அந்தப் போனை அப்படியே விட்டுவிட்டு, முக்கியமான பேச்சை நம்பிக்கையான தோழியின் போனில் பேசலாம். கூடவே இரண்டு எண்களை மனப்பாடம் செய்யுங்கள். நான் சொன்ன அந்தப் பெண்ணுக்கு ஐந்து மாதத்தில் ஒருநாள், ஒரே ஒருநாள், பக்கத்து வீட்டு அம்மாவின் போன் கைக்குக் கிடைத்தது. ஒரு எண்கூட நினைவில் இல்லை.

திருமணம் செய்யப்போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டத்தில் அறிவிப்பு கொடுத்து 30 நாள் காத்திருக்க வேண்டும். அந்த அறிவிப்பை அலுவலகத்தில் கண்ணில் படும் இடத்தில் ஒட்டுவார்கள். நிரந்தர முகவரி வேறு மாவட்டம் என்றால் அங்கேயும் போகும். கேரளத்தில் இவற்றை இணையத்திலேயே ஏற்றிக்கொண்டிருந்தார்கள், எதிர்ப்பு வந்த பிறகு 2020இல் நிறுத்தினார்கள். தமிழ்நாட்டில் இந்து திருமணச் சட்டத்தின் கீழ் வருபவர்களுக்கு 1967இன் சுயமரியாதைத் திருமணத் திருத்தம் இருக்கிறது. அதற்கு இந்த அறிவிப்பு கிடையாது, ஊரைக் கூட்டிச் செய்யத் தேவையில்லை என்று 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. எந்தத் தாளை யாரிடம் கொடுக்கும் முன்பும் ஒரு வழக்கறிஞர் தோழரிடம் பேசுங்கள். மதம் வேறாக இருக்கிற இணையர், மதம் மாற விருப்பமில்லை என்றால், அந்த 30 நாளைக் கடந்தாக வேண்டியிருக்கிறது. இது பழக்கத்தால் சரியாகாது, சட்டம் மாற வேண்டும்.

பொதுவெளியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, உங்களுக்கே தெரியும். வாட்ஸ்அப்பில் முகப்புப் படம் 'என் தொடர்புகளுக்கு மட்டும்' என்று இருக்கட்டும். இரண்டடுக்குச் சரிபார்ப்பு எண் போடுங்கள். ஓடிபியை அம்மா கேட்டாலும் சொல்லாதீர்கள். இருக்கும் இடத்தின் படத்தை அங்கிருந்து கிளம்பிய பிறகு போடுங்கள். வாட்ஸ்அப்பில் படத்தைப் படமாக அனுப்பினால் அதற்குள் பதிந்திருக்கும் இடக்குறிப்பு நீங்கிவிடும், கோப்பாக அனுப்பினால் அப்படியே போகும். நம் மாணவர்களைக் குறிவைத்து ஒரு மோசடி இருக்கிறது: 'உங்கள் ஸ்காலர்ஷிப் நிலுவையில் இருக்கிறது, இந்தக் க்யூஆரை ஸ்கேன் பண்ணுங்க.' படிப்பு, அப்பா பெயர் எல்லாம் சரியாகச் சொல்வார்கள், அதனாலேயே நம்பிவிடுவோம். பணம் வாங்க யுபிஐ பின் தேவையே இல்லை. பின் கேட்டால் பணம் போகப்போகிறது என்று பொருள். போய்விட்டால் வெட்கப்படாமல் உடனே 1930க்கு அழையுங்கள், முதல் சில மணி நேரம்தான் முக்கியம்.

சாதியைச் சொல்லித் திட்டினால் கோபத்தில் உடனே அழித்துவிடாதீர்கள். கணக்கின் பெயர், இணைப்பு, தேதி, நேரம் தெரியும்படி ஸ்க்ரீன்ஷாட் எடுத்து இன்னொருவரிடமும் கொடுத்து வையுங்கள். இணையத்தில் திட்டுவதற்கும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பொருந்தும் என்று 2022இல் கேரள உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. கோகுல்ராஜ் வழக்கை நினைத்துப் பாருங்கள். திருச்செங்கோடு கோயிலின் சிசிடிவி பதிவு இல்லாமல் அந்த வழக்கு அவ்வளவு தூரம் போயிருக்குமா? பதிவு எப்போதும் நமக்கு எதிரி இல்லை.

அதனால்தான் அந்தச் சேர்க்கைப் பட்டியல்களையே வெளியிடாதே என்று நான் சொல்ல மாட்டேன். இடஒதுக்கீட்டில் எங்கே ஓட்டை விழுகிறது என்று நம் ஆட்கள் கண்டுபிடிப்பதே அவற்றை வைத்துத்தான். பெயருக்குப் பதில் விண்ணப்ப எண்ணைப் போடட்டும், வகுப்பு இருக்கட்டும். கணக்கும் பார்க்கலாம், விடுதி அறைக்குள் நுழையும் முன்பே ஒரு மாணவரின் சாதி அறைத்தோழருக்குத் தெரிவதும் நிற்கும்.

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகள் ஒருமித்துச் சொன்னார்கள். 2018இல் ஸ்ரீகிருஷ்ணா குழு கொடுத்த வரைவிலும், 2019 மசோதாவிலும் கூடுதல் பாதுகாப்பு வேண்டிய தகவல்களின் பட்டியலில் சாதி இருந்தது. 2023இல் நிறைவேறிய சட்டத்தில் அந்தப் பட்டியலே இல்லை. சாதியும் செருப்பு அளவும் அந்தச் சட்டத்துக்கு ஒன்றுதான். யாரும் இதற்காகத் தெருவுக்கு வரவில்லை. நாமும் வரவில்லை.

கடைசியாக ஒன்று. உள்ளே வரும்போது வாசலில் ஒரு நோட்டில் பெயர், கல்லூரி, போன் நம்பர் எழுதிக் கையெழுத்து போட்டோம். நானும் போட்டேன். எனக்கு முன்னால் நாற்பது பேருக்கு மேல் எழுதியிருந்தார்கள், ஒவ்வொருவருடைய எண்ணையும் என்னால் படிக்க முடிந்தது. ஏற்பாடு செய்த தோழர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. குழுப்படம் எடுக்கப் போகிறோம் என்றார்கள், படத்தில் வர விரும்பாதவர்கள் இந்தப் பக்கம் என்னோடு நின்றுகொள்ளலாம். அதற்கு முன்னால் சொல்லுங்கள், அந்த நோட்டு இப்போது யார் கையில் இருக்கிறது?