லயம் உடையும் முன்னே

தோட்டத்து உறவுகளே,

திருகோணமலைத் துறைமுகத்துக்கு அக்கரையில் சம்பூர் இருக்கிறது. 2006 சண்டையில் இடம்பெயர்ந்த அந்தச் சனம் கிளிவெட்டி முகாமில் தகரக் கொட்டிலுக்குள் வருஷக்கணக்கில் கிடந்தது. மழைக்கு ஒழுகுவதில் அதுவும் நம்ம காம்பராவும் ஒன்றுதான். வேறிடத்தில் குடியேறச் சொன்னார்கள், பலர் ஒத்துக்கொள்ளவில்லை. சொந்தக் காணி 2015இல்தான் திரும்பக் கிடைக்கத் தொடங்கியது.

அவர்களுக்குக் கேட்கக் காணி இருந்தது. நம்மில் பெரும்பாலானோருக்கு அதுவுமில்லை. லயத்துக்குப் பதில் 7 பேர்ச்சஸில் வீடு என்றார்கள். 2017இல் நோர்வூட்டுக்கு வந்த இந்தியப் பிரதமர் மோடி மேலும் 10,000 வீடு அறிவித்தார். சந்தோஷந்தான். ஆனால் தண்ணி எங்கேயிருந்து வரும்? கக்கூஸ் குழி எங்கே? காணி உறுதி எப்போ கைக்கு வரும்? அதில் கொழுந்தெடுக்கிற பெண்சாதி பேரும் இருக்குமா? வீட்டுப் படத்தைக் காட்ட வருகிறவர்களிடம் இதையெல்லாம் முதலில் கேட்போம்.