பியெனெமே என்றொரு குடும்பப் பெயர்



பிரான்சு நாட்டில் எத்தனை குடும்பப் பெயர்கள் இருக்கும்? சில ஆயிரம், போனால் சில பத்தாயிரம் என்று நினைக்கத் தோன்றும். 1891 முதல் 1990 வரை அங்கே பிறந்தவர்களின் பதிவுகளைத் திரட்டிப் பார்த்தபோது, வெவ்வேறான 13 லட்சத்துக்கும் அதிகமான பெயர்கள் கிடைத்தன. பட்டியலின் உச்சியில் இருப்பது மார்த்தேன். தூர் நகரத்து ஆயராக இருந்த புனித மார்த்தேனின் புகழால் ஊரெங்கும் பரவிய பெயர் அது. அந்தப் பெயருடன் 2 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இருக்கிறார்கள். ஆனாலும் மக்கள்தொகையில் நூற்றுக்கு ஒருவர்கூட மார்த்தேன் இல்லை. தென்கொரியாவில் ஐந்தில் ஒருவருக்குக் கிம் என்று பெயர். அதோடு ஒப்பிட்டால் பிரான்சு எப்படிப்பட்ட நாடு என்று விளங்கும்.

இன்சே என்று அழைக்கப்படும் அந்நாட்டுப் புள்ளிவிவர நிறுவனம் குடும்பப் பெயர்களின் பட்டியல் ஒன்றை வைத்திருக்கிறது. 1891 முதல் 2000 வரையிலான 110 ஆண்டுகளில் குறைந்தது 30 பிறப்புகளாவது பதிவான பெயருக்குத்தான் அதில் தனி இடம். அப்படித் தேறியவை சுமார் 2,19,000. மீதிப் பெயர்கள், அதாவது பத்து லட்சத்துக்கும் மேல், அந்த 30-ஐத் தொடவே இல்லை. வெளிநாட்டிலிருந்து வந்து குடியேறியவர்களின் பெயர்கள் அதில் நிறைய உண்டு. ஒரே பெயரின் எழுத்து மாற்றங்களும் உண்டு. ஆட்களை எண்ணினால் அரிய பெயர்க்காரர்கள் சிறுபான்மை. பெயர்களை எண்ணினால் அரிய பெயர்களே பெரும்பான்மை.

இத்தனை பெயர்களிலிருந்து ஒரு பெயரை இன்று எடுத்துக்கொள்வோம். பியெனெமே.

நன்கு நேசிக்கப்பட்டவர், பிரியத்துக்குரியவர் என்று அதற்குப் பொருள். நம் ஊர்ச் செல்லையாவையும் செல்லப்பாவையும் நினைத்துக்கொள்ளுங்கள், ஏறக்குறைய அதே உணர்வுதான். 11, 12-ஆம் நூற்றாண்டுகளில் ஊர்கள் பெருத்து, ஒரே தெருவில் நாலு ழான், மூன்று பியேர் என்று ஆனபோது, ஞானஸ்நானப் பெயரோடு இன்னொரு பெயரும் ஒட்டத் தொடங்கியது. தோப்பருகே வசித்தவர் துய்புவா, இரும்படித்தவர் லெஃபேவ்ர், செம்பட்டைத் தலையர் லெரூ. குட்டையாக இருந்தவர் பெத்தி. லெருவா என்றால் அரசர், ஆனால் அந்தப் பெயர்க்காரர்கள் யாரும் அரச பரம்பரை அல்ல. அரசனைப் போல நடந்துகொண்டவரை ஊர் கேலியாக அழைத்திருக்கும், அல்லது திருவிழா நாடகத்தில் அவர் ராஜா வேடம் கட்டியிருப்பார். பியெனெமேயும் இப்படிப் பட்டப் பெயராகப் பிறந்ததுதான். தவமிருந்து பெற்ற பிள்ளைக்கு வைத்திருக்கலாம். ஊரே வெறுத்த ஒருவருக்குக் குத்தலாகச் சூட்டியிருக்கவும் கூடும்.

இந்தப் பட்டத்தைப் பிரான்சின் இரண்டு மன்னர்களும் சுமந்திருக்கிறார்கள். ஆறாம் சார்லஸ் முதலில் பிரியத்துக்குரியவர். பிறகு அவருக்குச் சித்தம் கலங்கியது, வரலாற்றில் பைத்தியக்காரர் என்ற பட்டமே அதிகம் நிலைத்தது. பதினைந்தாம் லூயி 1744-இல் மெட்ஸ் நகரில் சாகக் கிடந்து பிழைத்தபோது மக்கள் மகிழ்ந்து அவருக்கு இதே பட்டத்தைக் கொடுத்தார்கள். முப்பது ஆண்டு கழித்து அவர் இறந்தபோது, மக்களின் ஏச்சுக்கு அஞ்சி உடலை இரவோடிரவாகக் கொண்டுபோய் அடக்கம் செய்தார்கள்.

எழுத்திலும் இந்தப் பெயருக்கு ஒரு சிக்கல் உண்டு. நடுவில் வரும் எழுத்தைச் சிலர் சாதாரண இ-யாக எழுதுவார்கள், சிலர் இக்ரெக் என்னும் வால் எழுத்தைப் போடுவார்கள். காதுக்கு ஒன்றுதான், காகிதத்தில் இரண்டு பெயர், கணக்கெடுப்பிலும் இரண்டு பெயர். 1539-இல் முதலாம் பிரான்சுவா மன்னர் வில்லேர்-கோத்ரே என்ற இடத்தில் பிறப்பித்த ஆணைதான் பங்குத் தந்தைகளை ஞானஸ்நானப் பதிவேடு வைக்கச் சொன்னது. பாதிரியார் காதில் விழுந்தபடி எழுதினார். அண்ணன் பெயர் ஒருவிதம், தம்பி பெயர் இன்னொரு விதம். புரட்சிக் காலத்தில், 1794 ஆகஸ்டில், பிறப்புச் சான்றில் உள்ள பெயரைத் தவிர வேறு எதையும் யாரும் வைத்துக்கொள்ளக் கூடாது என்று சட்டம் வந்தது. 1877-இல் ஒவ்வொரு தம்பதிக்கும் குடும்பக் கையேடு கொடுக்கத் தொடங்கியதும் எழுத்து இறுகிப்போனது. அன்றைக்கு எழுத்தர் பேனா எப்படி ஓடியதோ அதுவே பேரன் பேத்திகளின் பெயர். இப்படித்தான் ஒரே லெஃபேவ்ர் பத்துப் பன்னிரண்டு உருவங்களில் திரிகிறது.

1912-இல் ஊபிகான் நிறுவனத்துக்காக 'கெல்க் ஃப்ளேர்' என்ற புகழ்பெற்ற வாசனைத் திரவியத்தைப் படைத்த ரொபேர் பியெனெமே, சாதாரண இ-காரர். நமக்கு இன்று வேண்டியவர் வால் எழுத்துக்காரர். இரேனே-ழூல் பியெனெமே. 1796-இல் பாரீசில் பிறந்தவர், நிதித் துறையில் தலைமை ஆய்வாளராக இருந்தவர், கணிதத்தில் ஆழமான நாட்டம் உள்ளவர். ஒரு குடும்பப் பெயர் எப்படி அழிகிறது என்பதை உலகில் முதன்முதலாகச் சரியாகக் கணக்கிட்டவர் இவர்தான். ஆண்டு 1845.

அந்தக் கணக்கை எளிய எண்களில் சொல்லிப் பார்க்கிறேன். ஒரு கிராமத்தில் நூறு ஆண்கள். நூறு பேருக்கும் நூறு வெவ்வேறு குடும்பப் பெயர்கள். பெயர் மகன் வழியாக மட்டுமே போகும். இவர்களில் கால்வாசிப் பேருக்கு மகன் இல்லை, அரைவாசிப் பேருக்கு ஒரு மகன், மீதிக் கால்வாசிக்கு இரண்டு மகன்கள். சராசரி ஆளுக்கு ஒரு மகன். ஆகவே அடுத்த தலைமுறையிலும் ஊரில் நூறு ஆண்கள்தான். ஆனால் பெயர்கள் 75 ஆகிவிட்டன. இதே விகிதம் தொடர்ந்தால் பேரன்கள் காலத்தில் ஏறத்தாழ 61, கொள்ளுப்பேரன்கள் காலத்தில் 52, அதற்கும் அடுத்த தலைமுறையில் 45. நூற்றிருபது வருடங்களில் பாதிக்கு மேல் போயாயிற்று. பஞ்சமில்லை, கொள்ளைநோயில்லை, ஊரின் தலைக்கணக்கும் குறையவில்லை. அழிந்த பெயர்களின் இடத்தை, எஞ்சிய பெயர்கள் ஆளுக்கு இரண்டு மூன்று வீடாகப் பிடித்துக்கொண்டன.

மகன்களின் சராசரி ஒன்றாகவோ அதற்குக் குறைவாகவோ இருந்தால், எவ்வளவு காலம் ஆனாலும் சரி, அந்தப் பெயர் அழிந்தே தீரும். ஒன்றுக்கு மேல் இருந்தால்தான் நிலைத்திருக்க வாய்ப்பு. வாய்ப்பு மட்டுமே, உறுதி இல்லை. பியெனெமே கண்டது இதைத்தான். கொரோனா காலத்தில் ஒரு நோயாளி சராசரியாக எத்தனை பேருக்குத் தொற்றைக் கொடுக்கிறார் என்ற எண்ணைத் தினமும் செய்தியில் கேட்டோமே, அது ஒன்றுக்குக் கீழே இறங்க வேண்டும் என்று காத்திருந்தோமே, அதன் அடியில் இருப்பதும் இதே கணிதம்.

பியெனெமே தன் முடிவைச் சிறு குறிப்பாக ஒரு கழக இதழில் வெளியிட்டார், நிரூபணத்தை விளக்கமாகத் தரவில்லை. குறிப்பு மறக்கப்பட்டது. 1873-இல் இங்கிலாந்தில் பிரான்சிஸ் கால்ட்டன், பெரிய குடும்பங்களின் பெயர்கள் ஏன் மறைகின்றன என்று இதே கேள்வியைப் புதிதாக ஒரு இதழில் கேட்டார். ஹென்றி வாட்சன் என்ற பாதிரியார் விடை சொன்னார்: எல்லாப் பெயர்களும் ஒருநாள் அழிந்துவிடும். தவறான விடை! அவருடைய சமன்பாட்டுக்கு இன்னொரு தீர்வு இருந்ததை அவர் கவனிக்கவில்லை. ஆனாலும் அந்தக் கணிதத்துக்குக் கால்ட்டன்-வாட்சன் என்றே பெயர் நிலைத்தது. 1972-இல் ஹைட், செனட்டா என்ற இரண்டு புள்ளியியலாளர்கள் பழைய இதழ்களைத் துழாவியபோதுதான் 1845-ஆம் ஆண்டுக் குறிப்பு வெளிச்சத்துக்கு வந்தது. இப்போது சில நூல்களில் பியெனெமேயின் பெயரையும் முன்னால் சேர்த்துப் போடுகிறார்கள். இவருக்கு இது புதிதல்ல. 1853-இல் இவர் கண்டுபிடித்த இன்னொரு முக்கியமான சூத்திரத்தை உலகம் ருசிய நண்பர் செபிஷேவின் பெயரால்தான் படிக்கிறது. அந்த நண்பரின் வேறொரு கட்டுரையை ருசிய மொழியிலிருந்து பிரெஞ்சுக்குக் கொண்டுவந்தவரும் பியெனெமேதான்.

டென்மார்க்கில் எர்லாங் என்ற கணித அறிஞர் இருந்தார், தொலைபேசி நெரிசலைக் கணக்கிட்டவர். அவருடைய தாய் க்ராருப் என்ற பெயர்பெற்ற குடும்பத்தைச் சேர்ந்தவர். அந்தப் பெயர் தேய்ந்துகொண்டே போவதைப் பார்த்து, 1929-இல் இதே புதிரை அவரும் போட்டார். அதே ஆண்டு இறந்தும் போனார், பிள்ளைகள் இல்லாமல்.

கணக்கின் மறுபக்கத்தைப் பார்க்கக் கடல் தாண்டிக் கனடாவின் கெபெக் மாநிலத்துக்குப் போக வேண்டும். பியேர் த்ராம்ப்ளே என்பவர் பிரான்சின் பெர்ஷ் வட்டாரத்திலிருந்து அங்கே போய், 1657-இல் ஒசான் அஷோன் என்ற பெண்ணை மணந்தார். அந்த ஒரே தம்பதியிலிருந்து கிளைத்து, த்ராம்ப்ளே கெபெக்கின் மிகப் பெரிய குடும்பப் பெயர்களில் ஒன்றானது. பிரான்சிலோ அது எண்ணிக்கையில் சாதாரணம். நிறைய நிலம், நிறைய பிள்ளைகள், தொடக்கத்தில் சில ஆயிரம் குடியேறிகள் மட்டும்: சராசரி ஒன்றை விட்டு எங்கோ மேலே போய்விட்டது.

பிரான்சில் நேர்மாறானதும் நடந்தது. முதல் உலகப் போரில் 13 லட்சத்துக்கும் மேற்பட்ட பிரெஞ்சு வீரர்கள் இறந்தார்கள். பெரும்பாலும் இளைஞர்கள், பலர் மணமாகாதவர்கள். அந்நாட்டின் எந்தச் சிற்றூருக்குப் போனாலும் நடுவில் ஒரு நினைவுத் தூண் நிற்கும், அதில் இறந்தவர்களின் பெயர்கள் இருக்கும். இந்த இடத்தில் புள்ளிவிவரமும் சறுக்குகிறது. இன்சேயின் பட்டியலுக்கு அடிப்படையான ஆள் பதிவேடு 1946-இல் உருவானது. அதற்கு முன்பே இறந்தவர்கள் அதில் முழுமையாக இல்லை. 1890-களில் பிறந்து போர்க்களத்தில் மடிந்த ஒருவர்தான் தன் பெயரின் கடைசி வாரிசு என்றால், அந்தப் பெயருக்குத் தூணில்தான் இடம். பட்டியலில் இல்லாமல் போகலாம். அரிய பெயர்களின் எண்ணிக்கையைப் படிக்கும்போது இந்த ஓட்டையை மறக்கக் கூடாது என்பது என் எண்ணம்.

இந்தத் துயரத்தை அரசு உணர்ந்தது. 1923 ஜூலை 2-ஆம் தேதிச் சட்டம், நாட்டுக்காக இறந்தவர் தன் குடும்பத்தின் கடைசி ஆண் வாரிசானால், நெருங்கிய உறவினர் அந்தப் பெயரைத் தம் பெயரோடு சேர்த்துக்கொள்ளலாம் என்றது.

போரோடு தொடர்பில்லாமலும் பெயர்களை உயிர்ப்பித்தவர்கள் உண்டு. 1922-இல் எத்மோன் ழிஸ்கார் என்பவர், பெண்வழியில் ஒரு தூரத்து உறவைக் காட்டி, தெஸ்தேன் என்ற பழைய பிரபுக் குடும்பப் பெயரைச் சேர்த்துக்கொள்ள அனுமதி வாங்கினார். அவர் மகன்தான் 1974-இல் குடியரசுத் தலைவரான வலேரி ழிஸ்கார் தெஸ்தேன். அந்தப் பெயரைக் கடைசியாகப் புகழோடு சுமந்த கடற்படைத் தளபதி தெஸ்தேனை 1794-இல் கில்லட்டினில் வெட்டினார்கள். அந்தத் தளபதிக்குச் சென்னையைத் தெரியும். 1758 டிசம்பரில் பிரெஞ்சுத் தளபதி லாலியின் படை சென்னைக் கோட்டையை முற்றுகையிட்டபோது அவரும் அந்தப் படையில் இருந்தார், இங்கிலீஷ்காரர்கள் கையில் சிறைப்பட்டார்.

பெயர்கள் சாவது மட்டும் அல்ல, பிறப்பதும் உண்டு. புதுச்சேரியில் 1881 செப்டம்பர் 21-ஆம் தேதி ஆணை ஒன்று வந்தது. உள்ளூர் வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுக் குடிமைச் சட்டத்தை ஏற்பவர்கள் ஒரு குடும்பப் பெயரைத் தேர்ந்தெடுத்துப் பதிய வேண்டும், சந்ததிக்கும் அதுவே பெயர். ரெனோன்சான் என்று இவர்களை அழைப்பார்கள். தலைமுறைக்குத் தலைமுறை அப்பா பெயர் மாறிக்கொண்டே போகும் தமிழ் வழக்கத்தில், பேனாவின் ஒரு கோட்டில் நிலையான குடும்பப் பெயர் பிறந்தது. காலில் சப்பாத்து அணிந்து நீதிமன்றத்துக்கு வந்தார் என்று 1873-இல் தடுக்கப்பட்டு, பாரீஸ் வரை போய் வென்ற வழக்கறிஞர் பொன்னுத்தம்பி பிள்ளை, லபோர்த் என்ற பெயரை எடுத்துக்கொண்டார். வாசல் என்று பொருள். நல்ல தேர்வு என்றுதான் சொல்வேன்.

இன்றைய சட்டத்துக்கு வருவோம். 2005 முதல் பிரான்சில் பிள்ளைக்கு அப்பா பெயர், அம்மா பெயர், அல்லது இரண்டையும் எந்த வரிசையிலும் வைக்கலாம். இரட்டைப் பெயருக்கு நடுவே இரண்டு இணைப்புக்கோடு போட வேண்டும் என்று அதிகாரிகள் கட்டளையிட, 2009-இல் உச்ச நிர்வாக நீதிமன்றம் அது செல்லாது என்றது. அந்த இரண்டு கோட்டுக்காக எத்தனை படிவங்கள் திரும்பி வந்தனவோ! 2022 ஜூலை முதல், வயது வந்த எவரும் நகராட்சி அலுவலகத்தில், புதுச்சேரிக்காரர்கள் மேரி என்பார்களே அங்கே, ஒரு படிவம் கொடுத்துத் தாயின் பெயருக்கு மாறிக்கொள்ளலாம்.

இதனால் அரிய பெயர்கள் பிழைக்குமா? கணக்குப்படி, உரிமை கொடுத்தால் மட்டும் போதாது. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பெயர் என்றால், ஒரு பெயர் கூடினால் இன்னொன்று குறையும், சராசரி மாறாது. பெற்றோர் ஒன்றும் சொல்லாவிட்டால் இன்றும் அப்பா பெயர்தான் பதிவாகிறது. ஆனால் தம்பதிகள் இரண்டு பெயரில் எது அரிதோ அதைத் தேர்ந்தெடுக்கத் தொடங்கினால் கதை வேறு. இரண்டு பிள்ளைகள் உள்ள வீட்டில் பியெனெமே என்ற பெயரின் சராசரி ஒன்றிலிருந்து இரண்டாகும், அது சரிவிலிருந்து ஏற்றத்துக்குத் திரும்பும். குறைவது மார்த்தேன்களின் எண்ணிக்கை. 2 லட்சம் பேர் இருக்கும் பெயருக்கு அதனால் ஒன்றும் ஆகிவிடாது.